வடக்குக் கயிற்றில் மூன்றாவது ஆள்

அன்று பின்னேரம் முதலில் "அப்பா" என்று சொன்னது என் மகளா, நானா?  அவள்தான் சொன்னாள் என்று ஒரு நாள் தோன்றும். மறுநாள் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டு இருக்கும்போது, இல்லை, என் வாய்தான் முதலில் அசைந்தது, அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் திரையைப் பார்த்தாள் என்று தோன்றும். யார் சொன்னால் என்ன என்று நீங்கள் நினைக்கலாம். அவள் தானாகக் கண்டிருந்தால் அது அவளுக்குக் கிடைத்த ஒன்று. நான் சொல்லி அவள் கண்டிருந்தால், நாலரை வயதுப் பிள்ளையின் தலையில் நான் ஏற்றிவைத்த பாரம் அது.

நான் திருகோணமலை நகரத்தில் ஓர் அலுவலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கிறேன். வீடு நகரத்துக்கு வடக்கே, சல்லி என்ற கடற்கரை ஊரில். சென்ற வருடம் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு பெரிய மின்திரை வைத்தார்கள். நகைக்கடை, தொலைபேசி அட்டை, தனியார் வகுப்பு என்று விளம்பரங்கள் ஓடும். அவற்றுக்கு இடையில் வெறுமையாக இருக்கும் நேரத்தில் இந்தக் கரையின் இயற்கையை வைத்து அசையும் ஓவியங்கள் செய்து காட்டலாம் என்று முடிவாகி, கொழும்பிலிருந்து இரண்டு ஓவியர்கள் வந்தார்கள். அந்தக் கோவை என் மேசைக்கு வந்தது. நான் கலைப் பட்டதாரி என்பதுதான் காரணம். நான் படித்தது புவியியலும் பொருளியலும். என் மேலதிகாரிக்குக் கலை என்றால் எல்லாம் கலைதான்.

ஓவியர்களில் ஒருவர் பெண், நன்றாகத் தமிழ் பேசுவார். ஆட்கள் கரையில் நின்று கயிறு பிடித்துக் கரைவலை இழுப்பதைப் படம் பிடித்து, அதிலிருந்து ஆட்களின் அசைவை மட்டும் எடுத்துக் கீறி ஓவியமாக்கப்போவதாகச் சொன்னார். எந்தக் கரை நல்லது என்று கேட்டார். நான் சல்லி என்றேன். இறக்கக்கண்டி என்று சொல்லியிருக்கலாம், நிலாவெளி என்று சொல்லியிருக்கலாம். எங்கள் ஊரைச் சொல்லும் சின்னப் பெருமை வந்துவிட்டது.

என் கணவர் மீன்வாடிகளுக்கு ஐஸ் கொண்டுபோகும் லொறி ஓட்டினார். லீவு நாட்களில் ஊர்க் கரைவலையின் இரண்டு கயிறுகளில் வடக்குக் கயிற்றில் நின்று இழுப்பார். படம் பிடித்தது ஒரு சனிக்கிழமை காலை. அசைவை எடுப்பதானாலும் ஒவ்வொருவரிடமும் சம்மதக் கையொப்பம் வேண்டும் என்பதால் படிவங்களை நான்தான் கரைக்குக் கொண்டுபோனேன். மகளையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன்.

"இஞ்சேருங்கோ, இதில ஒரு கையெழுத்து வையுங்கோ," என்று அவரிடம் நீட்டினேன்.

"என்னத்துக்கு? உம்மட கந்தோர்க்காரர் என்ர முகத்தைக் கொண்டுபோய் நகைக்கடைக்கு விக்கப் போகினமோ?"

"முகம் வராதாம். கீறித்தான் காட்டுவினம். அசைவு மட்டும்தான்."

அவர் பக்கத்தில் நின்றவரைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டியோ மச்சான், முகம் வேண்டாமாம், முதுகு காணுமாம். எங்கட முதுகுக்கும் ஒரு காலம் வந்திட்டுது."

"உன்ர முதுகைக் கண்டா சனம் பஸ்ஸைத் தவறவிடும்," என்றார் மற்றவர். எல்லோரும் சிரித்தார்கள். அவர் படிவத்தை என் தோளில் வைத்துக் கையொப்பம் போட்டார்.

வெயில் ஏறிவிட்டது. மகளுக்கு இருமல். வலை இழுக்கத் தொடங்குமுன்பே அவளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இன்னும் பதினைந்து நிமிடம் நின்றிருக்கலாம். கலியாணம் கட்டி ஆறு வருடத்தில் அவர் கயிறு பிடித்து இழுப்பதை நான் ஒரு நாளும் நின்று பார்க்கவில்லை. அது எப்போதும் நடக்கிற வேலை, எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்ற எண்ணம்.

மூன்று கிழமை கழித்து அவருக்குக் காய்ச்சல் வந்தது. நாலாம் நாள் விட்டது. இடியப்பமும் சொதியும் கேட்டார். நான் அவித்துக் கொடுத்துவிட்டு அலுவலகம் போனேன். பின்னேரம் வந்தபோது கதிரையில் இருந்தபடி வயிறு நோகிறது என்றார், கைகள் குளிர்ந்திருந்தன. அதற்குப் பிறகு நடந்ததை இங்கே எழுத மாட்டேன். டெங்கு. அந்தத் திரையில் ஓடும் டெங்கு அறிவித்தலின் தமிழைச் சரிபார்த்தவள் நான். காய்ச்சல் விட்டதும் சுகம் என்று இருந்துவிட வேண்டாம் என்ற வரி அதில் இருக்கிறது. அதை நான் இரண்டு முறை வாசித்திருக்கிறேன்.

அவருடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து நான் வேலைக்குத் திரும்பினேன். மகளை நகரத்தில் முன்பள்ளியில் சேர்த்தேன். மத்தியானத்துக்குப் பிறகு அலுவலகத்துக்குப் பின்னால் உள்ள பிள்ளைகள் பராமரிப்பு இடத்தில் இருப்பாள். நாலேகாலுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு வருவேன். நிலாவெளி பஸ் வரும்வரை திரைக்கு எதிரே நிற்போம். திரையின் கீழே, நகரத்தில் மாடுகள்போலத் திரியும் மான்களில் நாலைந்து வாழைப்பழத் தோலுக்காகப் படுத்திருக்கும். மகள் அவற்றைத்தான் பார்ப்பாள்.

அந்தப் பின்னேரம் டெங்கு அறிவித்தல் போனது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அது முடிந்திருக்கும் என்று நிமிர்ந்தபோது ஓவியம் தொடங்கியிருந்தது. அந்தக் கிழமைதான் அதைப் போடத் தொடங்கியிருந்தார்கள். அதை மறந்தே போயிருந்தேன்.

முதலில் ஒரு தென்னோலை காற்றில் ஆடும். அதன் ஈர்க்குகள் ஒவ்வொன்றாகக் கழன்று படுத்து அலைகளாகும். அலைகளுக்கு மேலே ஒரு கோடு நீண்டு வரும். அது கயிறு. கயிற்றைப் பிடித்தபடி ஆட்கள் தோன்றுவார்கள், ஏழு பேர். முகம் இல்லை. கரித்துண்டால் கீறியதுபோல முதுகும் கைகளும் மட்டும். கடலைப் பார்த்துக்கொண்டு, பின்னால் சாய்ந்து சாய்ந்து இழுப்பார்கள். ஒவ்வோர் இழுவைக்கும் வானத்தின் நிறம் கொஞ்சம் மாறும். தூரத்தில் கோணமலை கறுப்பாக நிற்கும். பிறகு கடைசி ஆளிலிருந்து தொடங்கி ஒவ்வொருவராகக் கொக்காகி எழும்பிப் போவார்கள். கயிறு மட்டும் மணலில் கிடக்கும். அது மெல்ல வளைந்து குடாவின் கரையாகும். அவ்வளவுதான். சத்தம் இல்லை, பஸ்களின் ஹோர்ன்தான் அதற்குச் சத்தம்.

மூன்றாவதாக நின்றவர் இரண்டு இழுவைக்கு நடுவில் தலையைச் சரித்துத் தோள்மூட்டில் நெற்றியைத் துடைத்தார்.

என் கணவர் மோட்டார் சைக்கிள் கழுவும்போது கையெல்லாம் சவர்க்கார நுரையாக இருக்கும். அப்போது அப்படித்தான் துடைப்பார். ரொட்டிக்கு மா குழைத்துத் தரும்போதும் அப்படித்தான். "துவாய் தரட்டோ?" என்று கேட்டால், "என்ர தோள் என்னத்துக்கு இருக்கு?" என்பார்.

அந்த நேரத்தில்தான் அந்தச் சொல் எங்கள் இருவருக்கும் நடுவில் வந்தது. யார் சொன்னது என்று தெரியாத அந்தச் சொல்.

"அம்மா, அப்பா என்ன செய்யிறார்?" என்று அவள் கேட்டாள்.

"வலை இழுக்கிறார்," என்றேன்.

அது பிழை என்று இப்போது தெரிகிறது. அன்று வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று தெரியவில்லை. நாற்பது நாளுக்கு மேலாக அவள் கேட்ட கேள்விகளுக்கு நான் சொன்ன பதில்களில், நானும் நம்பிய முதல் பதில் அதுதான்.

அதன்பிறகு ஒவ்வொரு பின்னேரமும் அதைப் பார்க்காமல் அவள் பஸ் ஏற மாட்டாள். ஓவியம் ஒரு மணித்தியாலத்துக்கு இரண்டு முறை வரும். சில நாட்கள் இரண்டு பஸ்களை விட்டுவிட்டு நின்றோம். அவள் கை காட்டுவாள். மீன் வைத்த மாலுபணிஸில் ஒரு துண்டு பிய்த்துத் திரையை நோக்கி உயர்த்திக் காட்டிவிட்டுத் தின்பாள். மூன்றாவது ஆள் கொக்காகும்போது, "அப்பா போயிட்டு வாங்கோ," என்பாள். பிறகு தானாகவே பஸ்ஸை நோக்கி நடப்பாள். வீட்டில் பல் தீட்டும்போது தலையைச் சரித்துத் தோளில் நெற்றியைத் துடைத்துக் காட்டுவாள். நான் சிரிப்பேன். அந்த நாட்களில் அவள் நன்றாகச் சாப்பிட்டாள், நன்றாக நித்திரை கொண்டாள். நானும்தான்.

பஸ் நிலையத்தில் நிற்கும் ஓட்டோக்காரர் ஒருவர் எங்களைக் கவனித்திருக்கிறார். ஒரு நாள், "தங்கச்சி, உவங்கள் ஒரு கிழமையா இழுக்கிறாங்கள், ஒரு சூடைமீன்கூட வரேல்லை. நீங்கள் என்னத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறியள்?" என்றார்.

மகள் அவரை நிமிர்ந்து பார்த்து, "மீன் பிடிக்க இல்லை. எங்கட அப்பா எங்களைப் பாக்க வாறவர்," என்றாள்.

அவர் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். என் நெற்றியைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. அதன்பிறகு எங்களைக் கண்டால் நிழலில் நிற்கும் தன் ஓட்டோவின் பின் இருக்கையைக் காட்டி, "இதில இருந்து பாருங்கோ," என்பார்.

முன்பள்ளி ஆசிரியை என்னைக் கூப்பிட்டார். "பிள்ளை தன்ர அப்பா ரிவியில இருக்கிறார் எண்டு சொல்லுறா. மற்றப் பிள்ளையள், பொய்க்காரி பொய்க்காரி எண்டு பகிடி பண்ணுதுகள். அவ அழேல்லை. பின்னேரம் வந்து பாருங்கோ எண்டு எல்லாரையும் கூப்பிடுறா. நான் என்ன சொல்லட்டும்?" என்றார். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்தேன்.  இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், அவளே விட்டுவிடுவாள் என்று நினைத்தேன்.

மச்சாள், அதாவது என் கணவரின் மூத்த அக்கா, எங்கள் வீட்டுக்கு அடுத்த வளவில் இருக்கிறார். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் மச்சாள் என்றுதான் கூப்பிடுவோம். சின்ன வயதிலிருந்தே கரைக்குப் போய் மீன் தரம் பிரித்துப் பழகியவர். வாய் கொஞ்சம் கூர்மை. என் கணவர் இறந்தபின் எங்களுக்கு ஒரு நேரச் சாப்பாடு தவறாமல் வருவது மச்சாளின் குசினியிலிருந்துதான். ஒரு வெள்ளிக்கிழமை சாமான் வாங்க நகரத்துக்கு வந்தவரை மகள் பஸ் நிலையத்தில் கண்டுவிட்டாள்.

"மாமி, கெதியா வாங்கோ. அப்பாவைக் காட்டுறன்."

மச்சாள் என்னைப் பார்த்தார். "என்ன கதை இது மச்சாள்?"

நான் சொல்வதற்குள் ஓவியம் தொடங்கிவிட்டது. மச்சாள் இரண்டு பையையும் கீழே வைக்காமல், முழுவதையும் நின்று பார்த்தார்.

"எது?"

"மூண்டாவது ஆள்," என்றாள் மகள். "இப்ப துடைப்பார் பாருங்கோ. துடைச்சிட்டார்!"

மச்சாளின் முகத்தில் ஏதோ ஒன்று எழும்பி, உடனே அடங்கியது. "இது தம்பியில்லை," என்றார்.

"ஏன் மச்சாள்?"

"வலக்கை முன்னுக்கு நிக்குது. அவன் இடக்கைக்காரன்."

"இல்லையே. வலக்கையாலதானே எழுதுறவர், சாப்பிடுறவர்."

"அது அம்மா அடிச்சு மாத்தினது. கயித்தில ஆர் நிண்டு அடிக்கிறது? வடக்குக் கயித்தில அவன் ஒருத்தன்தான் இடக்கை. பக்கத்தில நிக்கிறவனுக்கு முழங்கையால இடிச்சு இடிச்சு ஏச்சு வாங்குறதே அவனுக்கு வேலை. ஆறு வருசம் குடும்பம் நடத்தின உங்களுக்கு இது தெரியாதோ?"

எனக்குத் தெரியாது. 

மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப அது ஆர் மாமி?"

மச்சாள் பைகளைக் கீழே வைத்தார். குனிந்து அவளுடைய சட்டைக் கழுத்தைச் சரிசெய்தார். "ஆரோ ஒரு ஆள் ராசாத்தி. சும்மா கீறின படம்," என்றார். சொன்ன பிறகுதான் என் முகத்தைக் கண்டார் போலும். பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்து, "நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனா மச்சாள், பொய்யான ஒரு ஆளை அவன் எண்டு பிள்ளை கும்பிடப் படாது. எனக்கு அது ஏலாது," என்று சொல்லிச் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். மச்சாளுக்கு அவர் தம்பி. மச்சாளுக்கும் அந்த உரிமை இருக்கிறது.

அடுத்த இரண்டு நாளும் சனி, ஞாயிறு. வீட்டில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தபோது ஒரு விஷயம் பிடிபட்டது. சல்லிக் கரையில் நின்று கடலைப் பார்த்தால் கோணமலை வலது பக்கம் தெரியும். ஓவியத்தில் அது இடது பக்கம் நின்றது. படத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலம் மாற்றியிருக்கிறார்களோ? அப்படியானால் திரையில் வலக்கையாகத் தெரிவது உண்மையில் இடக்கை. அது அவர்தான். ஈரக் கையோடு எழும்பி மச்சாளின் வேலிவரை போனேன். பிறகு நின்றேன். ஓவியர்கள் மலையைத் தங்களுக்கு வசதியான பக்கத்தில் கீறியும் இருக்கலாம். நிச்சயமாக அறிய ஒரு வழி இருந்தது. படம் மாறியிருந்தால் மற்ற ஆறு பேருக்கும் இடக்கை முன்னால் நிற்கவேண்டும். அதை நினைத்துப் பார்த்தேன். நினைவில் ஒன்றும் வரவில்லை. அத்தனை பின்னேரம் நின்று பார்த்தும், மற்ற ஆறு பேரின் கைகளை நான் ஒரு நாளும் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை ஆவலோடு போனேன். டெங்கு அறிவித்தல் முடிந்தது. நீல நிறத்தில் ஒரு திமிங்கிலம் மெதுவாக நீந்தி வந்து மேகமாகியது. அந்தக் கிழமையிலிருந்து போடவேண்டிய புது ஓவியம் அது. அட்டவணை என் கோவையில்தான் இருந்தது. நானே கையொப்பம் வைத்த அட்டவணை.

மகள் திரையைப் பார்க்கவில்லை. மான்களையும் பார்க்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு நேரே பஸ்ஸுக்கு நடந்தாள். ஓட்டோக்காரர், "என்ன குஞ்சு, இண்டைக்கு இருக்கேல்லையோ?" என்று கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள். அன்றிலிருந்து அவள் அப்பாவைப் பற்றி எதுவும் கேட்பதில்லை. அந்தச் சொல்லையே சொல்வதில்லை. அலுமாரிக்கு மேல் இருக்கும் படத்தைக் காட்டி இது யார் என்றால், என் முகத்தைப் பார்க்கிறாள். எந்தப் பதில் சரி என்று என்னிடம் தேடுகிறாள். அதுதான் என்னைத் தின்கிறது. முன்பள்ளி ஆசிரியை, "இப்ப அந்தக் கதை இல்லை, பிள்ளை நல்லா இருக்கிறா," என்று சந்தோஷமாகச் சொன்னார். நானும் ஓம் என்று தலையாட்டினேன்.

ஓவியத்தின் கோப்பு எங்கள் அலுவலகத்தில் இல்லை, கொழும்பிலிருந்தே ஏற்றுகிறார்கள். ஆகவே அந்த ஓவியப் பெண்ணுக்கு எழுதினேன். அலுவலகக் கடிதம் போலத்தான் எழுத வந்தது. இரண்டு கேள்விகள். படம் இடம் வலம் மாற்றப்பட்டதா? மூன்றாவது ஆள் யார்? கடைசியில், வடக்குக் கயிற்றில் நின்றவர்களில் ஒருவர் என் கணவர், அவர் இப்போது இல்லை என்று ஒரு வரி சேர்த்தேன். அந்த வரியை அழித்தேன். மறுபடியும் எழுதினேன்.

இரண்டு நாளில் பதில் வந்தது. ஓம், மாற்றினோம், பஸ்ஸிலிருந்து இறங்கி வருபவர்களின் பக்கமாகக் கயிறு நீளவேண்டும் என்பதற்காக, என்று எழுதியிருந்தார். அந்த வரியை வாசித்தபோது எழும்பி நின்றுவிட்டேன். அடுத்த வரியில், திரையில் உள்ள ஏழு பேரும் தனித்தனி ஆட்கள் அல்ல என்று இருந்தது. ஒருவருடைய கை, இன்னொருவருடைய முதுகு, வேறொருவருடைய சாய்வு என்று சேர்த்துத்தான் ஒவ்வோர் உருவத்தையும் கீறினார்களாம். நெற்றியைத் துடைக்கும் அசைவு யாருடையது என்று அவருக்கு நினைவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார். அவர் மன்னிப்புக் கேட்க ஒன்றுமில்லை. அவர்கள் சொன்னதைத்தான் செய்தார்கள். அசைவு மட்டும் என்று நானே என் கணவருக்குச் சொல்லிக் கையொப்பம் வாங்கினேன்.

கடிதத்தோடு, அன்று காலை சல்லியில் பிடித்த காணொளியையும் முழுதாக அனுப்பியிருந்தார். கீறியது அல்ல. உண்மையான ஆட்கள், முகத்தோடு, சத்தத்தோடு. நாற்பது நிமிடத்துக்கு மேல் வருகிறது. என் கணவர் அதில் நிச்சயம் இருக்கிறார். கையொப்பம் இருக்கிறது. பக்கத்தில் நின்றவருக்கு முழங்கையால் இடித்து ஏச்சு வாங்குவதும், பகிடி விடுவதும் அதில் இருக்கலாம். கைப்பேசியில் இறக்கி வைத்திருக்கிறேன். இன்னும் திறக்கவில்லை. மச்சாளிடமும் சொல்லவில்லை. அதுவும் ஒரு குற்றம்போலக் கிடக்கிறது.

மகளுக்குக் காட்டினால், மாமி சொன்னதும் பிழை, அம்மா சொன்னதும் பிழை, இதுதான் உன் அப்பா என்று சொல்லவேண்டி வரும். ஒரு முறை திரையில் கொடுத்துப் பறித்த தகப்பனை இன்னொரு திரையில் கொடுப்பதா? படம் முடிந்ததும் அவள் என்ன கேட்பாள்? காட்டாமல் விட்டால், இப்போது அடங்கியிருக்கும் இந்த மௌனம் அவளுக்குள் எப்படி வளரும்? ஐந்து வயதுக்குப் பிறகு அவருடைய குரல் அவளுக்கு நினைவிருக்குமா? நான் மட்டும் முதலில் பார்க்கலாம் என்று பலமுறை எடுத்தேன். பார்த்தபின் அவளுக்குக் காட்டாமல் இருக்கும் தைரியமோ, காட்டும் தைரியமோ எனக்கு இருக்குமா என்று தெரியாமல் வைத்துவிட்டேன்.

இதை வாசிப்பவர்களில், சின்னப் பிள்ளையோடு தனியாக நின்றவர்கள் இருப்பீர்கள். சின்ன வயதில் தகப்பனை இழந்து, பிறகு அவருடைய குரலையோ படத்தையோ கண்டவர்களும் இருப்பீர்கள். உங்களுக்கு அப்போது எது உதவியது, எது நோகச் செய்தது என்று எழுதுங்கள். நான் இதைத் தனியே பார்க்கட்டுமா, மச்சாளோடு பார்க்கட்டுமா? பிள்ளையை மடியில் வைத்துப் பார்ப்பதானால், தொடங்குமுன் அவளுக்கு என்ன சொல்லிவிட்டுத் தொடங்கவேண்டும்? அந்த முதல் வாக்கியத்தையாவது எனக்கு யாராவது சொல்லித் தாருங்கள்.